எளிதாக்கல் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி கொலூச்சே

காலை ஆறு மணிக்கு கியூமர்ஸ் எழுந்தான். சமோவாரில் தண்ணீர் நிரப்பிப் பற்றவைத்தான். கையுறை போட்டு, முகக்கவசம் கட்டி, குடையை எடுத்துக்கொண்டு தெருமுனை ரொட்டிக்கடைக்குப் போனான். மழை பெய்துகொண்டிருந்தது. வரிசையில் ஆளுக்கு இரண்டு மீட்டர் இடைவெளி. அவன் முறை வந்ததும் கடைக்காரர் கொர்பான் ஒரு பர்பரி ரொட்டியை நீட்டினார். கியூமர்ஸ் காசை நீட்டினான்.

"இருக்கட்டும் முஹந்தெஸ். உங்ககிட்டப் போய் காசு வாங்குறதா."

கியூமர்ஸ் பிடியுங்கள் என்றான். கொர்பான் வேண்டாம் என்றார். கியூமர்ஸ் மறுபடி பிடியுங்கள் என்றான். மூன்றாவது தடவை கொர்பான் காசை வாங்கிக் கல்லாவில் போட்டார். ஆறு வருடமாக தினமும் இது நடக்கிறது. ரொட்டியைச் சும்மா கொடுக்கும் எண்ணம் கொர்பானுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. சும்மா வாங்கும் எண்ணம் கியூமர்ஸுக்கும் இல்லை. ஆனால் இருவரும் முறைப்படி மூன்று தடவை பொய் சொல்லியாக வேண்டும். இதற்குத் தாரோஃப் என்று பெயர். ரஷ்த் நகரத்துக்காரர்களுக்குப் பல் முளைப்பதற்கு முன்பே அது முளைத்துவிடும். முதல் தடவை நீட்டியதை வாங்கிக்கொள்கிறவன் வளர்ப்பு சரியில்லாதவன். மூன்று தடவை நீட்டாதவன் கஞ்சன்.

வீட்டுக்கு வந்து ரொட்டியை அடுப்புத் தீயில் இரு பக்கமும் வாட்டினான். பாலாடைக்கட்டி டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவினான். கையைக் கழுவினான். சாப்பிட்டான். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு வாங்கிய தங்கமீன் மேஜைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில் இன்னும் உயிரோடு இருந்தது. அதற்கு இரை போட்டான். பிறகு வேலைக்குப் போனான்.

மருத்துவமனையின் கருவிகளுக்கெல்லாம் அவன் ஒருவன்தான் பொறியாளன், ஊர் வழக்கில் முஹந்தெஸ். அவன் மனைவி மஹ்லகா ஆறு நாளாக அதே மருத்துவமனையில், மேல்மாடி வார்டில், ஒன்பதாம் எண் படுக்கையில் இருந்தாள். அவள் பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மூக்கில் ஆக்சிஜன் குழாய். வார்டுக்குள் போக அவனுக்கு அனுமதி இல்லை. போனில் பேசலாம்.

அந்த வார்டில் மூன்று வென்டிலேட்டர்கள் இருந்தன. இரண்டு ஓடின. மூன்றாம் எண் கருவி ஓடவில்லை. அதில் மூச்சு வெளியேறும் இடத்தில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு சிலிக்கோன் சவ்வு இருக்கும். அது கிழிந்துபோயிருந்தது. செய்கிற நிறுவனம் வெளிநாட்டில். நாட்டின் மேல் பொருளாதாரத் தடை. கியூமர்ஸ் பால்புட்டி ரப்பரில் ஒன்று வெட்டிப் பார்த்தான். சைக்கிள் டியூபில் ஒன்று. கருவி இரண்டையும் ஏற்றுக்கொள்ளாமல் அலறியது. அது நேர்மையான கருவி.

இன்னும் பத்துப் பதினைந்து நாளில் மஹ்லகாவுக்குக் கருவி தேவைப்படலாம் என்று வார்டு டாக்டர் சொல்லியிருந்தார். ஓடுகிற இரண்டிலும் ஆள் இருந்தது.

நிர்வாகி பூர்தெஹ்கான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மருத்துவமனைகளில் எதற்கும் பற்றாக்குறை இல்லை என்று தலைநகரிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. பற்றாக்குறை இல்லாத மருத்துவமனையில் கெட்டுப்போன கருவி இருக்க முடியாது. எனவே அவர் ஓர் அட்டையில் அழகான கையெழுத்தில் 'ஓய்வில் உள்ளது' என்று எழுதி, நூல் கட்டி, மூன்றாம் எண் கருவியின் கழுத்தில் மாட்டினார்.

அன்று காலைதான் அந்தச் செய்தி வந்தது. உலகம் முழுவதும் பரவிய நோயை முன்னிட்டு, தடை போட்ட நாடுகள் மனிதாபிமான அடிப்படையில் தடையை எளிதாக்குகின்றன. அதற்கென்று ஐரோப்பாவில் ஓர் ஏரிக்கரை நகரத்தில் மனிதாபிமான எளிதாக்கல் அலுவலகம் திறக்கப்பட்டிருக்கிறது. வைரஸுக்கு எல்லை கிடையாது, எங்கள் கருணைக்கும் கிடையாது என்று அதன் தலைவி ஹெல்விக் அம்மையார் ரிப்பன் வெட்டும்போது சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். அவரவர் வீட்டிலிருந்து.

கியூமர்ஸ் அலுவலகத்தின் இணையதளத்தைத் திறந்தான். 'இந்தச் சேவை உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வந்தது.

இந்த நாட்டுக்கான தடையை எளிதாக்கும் தளம் இந்த நாட்டில் திறக்காது. அவன் எல்லாரையும்போல் செல்போனில் வைத்திருந்த இணையத் தடையை உடைக்கும் செயலியை ஓடவிட்டான். இப்போது தளம் அவனை நெதர்லாந்துக்காரன் என்று நம்பித் திறந்தது. முதல் கேள்வி: நீங்கள் நெதர்லாந்தில் இல்லை என்பதற்கு ஆதாரம் என்ன. இரண்டாவது கேள்வி: இல்லையென்றால் இந்தத் தளத்துக்குள் எப்படி வந்தீர்கள்.

விண்ணப்பம் முப்பத்தெட்டுப் பக்கம். பொருள் என்ன என்று கேட்டிருந்தது. சவ்வு என்று எழுதினான். எதற்கு? மூச்சு விட. வேறு எதற்காவது பயன்படுமா? படாது. அந்தச் சவ்வின் மூலம் பெறப்படும் மூச்சு வேறு எதற்காவது பயன்படுமா? அவன் கொஞ்ச நேரம் யோசித்து, பேச என்று எழுதினான். நோயாளியின் தொழில்? வேதியியல் ஆசிரியை.

அதுவரை மூன்று நாளுக்கு ஒரு பதில் போட்ட அலுவலகம் இதற்கு ஒரு மணி நேரத்தில் பதில் போட்டது. வேதியியல் என்ற சொல் தங்களைக் கவலைகொள்ள வைத்திருப்பதாகவும், குணமானபின் நோயாளி இந்த மூச்சைக் கொண்டு ஐந்து வருடத்துக்கு வேதியியல் நடத்தமாட்டார் என்று உறுதிமொழி தேவை என்றும் எழுதியிருந்தார்கள்.

அவன் மஹ்லகாவிடம் போனில் சொன்னான்.

"பத்தாம் வகுப்புப் பொண்ணுங்க கொண்டாடிடுவாளுங்க. சீக்கிரம் எழுதிக் குடு," என்றாள். பிறகு, "நான் அதிகபட்சம் லிட்மஸ் தாளை சிவப்பாக்கிக் காட்டுவேன். அதையும் சொல்லிடு. பின்னாடி மறைச்சோம்னு வந்துடப்போகுது," என்றாள்.

லிட்மஸ் தாளுக்குத் தனி இணைப்பு வைத்தான்.

இருபத்தாறாம் பக்கத்தில் விண்ணப்பதாரருக்கும் நோயாளிக்கும் என்ன உறவு என்று இருந்தது. கணவன். நோயாளி பிழைப்பதில் உங்களுக்குத் தனிப்பட்ட நலன் ஏதும் உண்டா? உண்டு என்று எழுதினான். தனிப்பட்ட நலன் உள்ளவர்கள் அதன் தன்மையை விளக்க வேண்டும் என்று கூடுதல் தாள் வந்தது. என் மனைவி என்று எழுதி அனுப்பினான். குறைந்தது நூற்றைம்பது வார்த்தை வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். உட்கார்ந்து நூற்றைம்பது வார்த்தை எழுதினான். கல்யாணத்துக்கு முன்னால்கூட அவளுக்கு அவ்வளவு நீளமாக எழுதியதில்லை. விளக்கம் உணர்ச்சிவசமாக இருந்தாலும் ஏற்கப்படுகிறது என்று பதில் வந்தது.

சவ்வு இலவசம் என்றும் சொன்னார்கள். இலவசப் பொருளுக்குப் பூஜ்யம் யூரோவுக்கு வங்கி வழியாக ரசீது வேண்டும். பதினொரு வங்கிகளுக்கு எழுதினான். ரஷ்த்திலிருந்து வரும் பூஜ்யத்தைக் கையாளும் நிலையில் தாங்கள் இல்லை என்று பதினொன்றும் வருத்தத்தோடு தெரிவித்தன.

இதற்குள் ஒன்பது நாள் போயிருந்தது. மஹ்லகா இப்போது ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேசினாள்.

பத்தாம் நாள் காணொளி நேர்காணலுக்கு அழைத்தார்கள். இருபது நிமிடம். திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் கியூமர்ஸ். ஒன்றில் ஹெல்விக் அம்மையார், பின்னால் புத்தக அலமாரி. மூன்றாவதில் மொழிபெயர்ப்பாளர் பர்த்தோவ் கானும்; கானும் என்றால் அம்மையார். அவள் இதே நாட்டில் ஷீராஸில் பிறந்து சிறு வயதிலேயே ஐரோப்பாவுக்குப் போனவள். தொடங்குமுன் தன் விதியை அவள் அவனிடம் சொன்னாள்: ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம். எதையும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, விளக்கக்கூடாது. மீறினால் வேலை போய்விடும்.

ஹெல்விக் அம்மையார் பதினேழு நிமிடம் பேசினார். தங்களைப் பற்றி உலகத்தில் தவறான எண்ணம் பரவியிருப்பதாக அவர் வருந்தினார்.

"மருந்துக்கோ மருத்துவக் கருவிக்கோ நாங்க என்னைக்குமே தடை போட்டதில்லை," என்றார். "அதை வாங்குறதுக்கு, விக்கிறதுக்கு, அதுக்குப் பணம் அனுப்புறதுக்கு, ஏத்துற கப்பலுக்கு, கப்பலோட காப்பீட்டுக்கு மட்டும்தான் தடை. மருந்து முழுச் சுதந்திரமா இருக்கு. அதை ஜனங்க புரிஞ்சுக்கணும்."

பர்த்தோவ் கானும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

பதினெட்டாம் நிமிடத்தில் ஹெல்விக் அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்துக் காட்டினார். சவ்வு. பிளாஸ்டிக் உறையில், புத்தம் புதிதாக. மாதிரிக்கென்று ஐந்து வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். அன்று மாலை நாலு மணிக்கு ஒரு விமானம் தெஹ்ரானுக்குக் கிளம்புகிறது. ஒன்பதாம் விதிப்படி அவசரமென்றால் காகிதமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அனுப்பும் அதிகாரம் தனக்கு உண்டு.

"இன்னைக்கே அனுப்பிடட்டுமா? உங்களுக்கு வேணுமா?"

கியூமர்ஸின் மூளை வேண்டும் என்றது. ஆனால் முப்பத்தொரு வருட வாய் முந்திக்கொண்டது.

"ஐயையோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

பர்த்தோவ் கானும் உடனே பேசவில்லை. அவள் கட்டத்தில் அவள் உதடு பிரிந்தது, மூடியது. அவளுக்குத் தெரியும். ஷீராஸில் பிறந்த யாருக்கும் தெரியும். இன்னும் இரண்டு தடவை கேட்கச் சொல்ல வேண்டும். ஆனால் அது விளக்கம். அவள் விதிப்படி ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம் சொன்னாள்.

ஹெல்விக் அம்மையாரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தாளில் ஒரு குறி போட்டார். சவ்வை இழுப்பறையில் வைத்து மூடினார். நன்றி சொன்னார். கியூமர்ஸ் இரண்டாவது தடவை கேட்பதற்காகப் பணிவாகக் காத்திருந்தான். திரை இருண்டு, அதில் அவன் முகம் தெரிந்தது.

அடுத்த நிமிடமே கடிதம் போட்டான். அவசர வழியை விண்ணப்பதாரர் தாமாகவே மறுத்துவிட்டதால் கோப்பு சாதாரண வழிக்கு மாற்றப்பட்டுவிட்டது, முடிவை மாற்ற இருபத்தொரு வேலைநாள் ஆகும் என்று பதில் வந்தது.

மாலையில் மஹ்லகாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான். மறைக்கலாம் என்று நினைத்தான். ஆனால் அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமலுக்கு நடுவே ஒன்று சொன்னாள். அப்புறம் நர்ஸ் போனை வாங்கிக்கொண்டாள். மறுநாள் அவளால் பேச முடியவில்லை.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு இறந்தாள். மதியம் இரண்டாம் எண் கருவி காலியானது. மூன்றாம் எண் கருவி ஓய்வில் இருந்தது.

வெள்ளை உடைக்காரர்கள் நாலு பேர் புதைத்தார்கள். சுண்ணாம்பு போட்டார்கள். அவன் இருபது மீட்டர் தள்ளி நின்றான். துக்கம் கேட்க யாரும் வரக்கூடாது என்பது விதி. கொர்பான் மட்டும் வாசலில் ரொட்டி வைத்துவிட்டுப் போனார். அன்று காசு கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

அவள் இறந்த நாற்பத்தொன்றாம் நாள் சவ்வு வந்தது.

குளிர்பதனப் பெட்டி போன்ற ஒரு வெள்ளைப் பெட்டியில் வந்தது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் பெட்டி, பெட்டிக்குள் உறை, உறைக்குள் சவ்வு. கியூமர்ஸ் அதை மாட்டினான். மூன்றாம் எண் கருவி முதல் தடவையிலேயே ஓடியது. ருத்பாரிலிருந்து வந்த ஓர் ஆலிவ் வியாபாரியை அதில் படுக்கவைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவர் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். சவ்வு நல்ல சவ்வுதான்.

பெட்டியோடு ஒரு படிவமும் இருந்தது. பொருள் கிடைத்ததென்று இறுதிப் பயனாளி கையெழுத்திட வேண்டும். கியூமர்ஸ், இறுதிப் பயனாளி இறந்துவிட்டார் என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினான். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது.

பிறகு அலுவலகத்தின் முதல் அறிக்கை வெளிவந்தது. பளபளப்பான தாள். பதினாலாம் பக்கத்தில் ரஷ்த் கோப்பை முழு வெற்றி என்று போட்டிருந்தார்கள். அவசர உதவி நீட்டப்பட்டதென்றும், குடும்பத்தினர் அதற்குத் தேவையில்லை என்று கண்ணியமாக மறுத்துவிட்டார்கள் என்றும் இருந்தது. கீழே கட்டம் கட்டி ஒரு மேற்கோள். 'எங்களை நினைத்துப் பார்த்த உலகத்துக்கு என் நன்றி. ஆசிரியை ம.வின் கடைசி வார்த்தைகள்.'

அதே வாரம் மருத்துவமனையின் செய்தி மடலும் வந்தது. பூர்தெஹ்கான் எழுதியிருந்தார். தியாக ஆசிரியை மஹ்லகா கானும், 'எதிரிகளின் தடை நம் மூச்சைத் தடுக்காது' என்று கூறியபடி கண்மூடினார். ஊழியர் கூட்டத்தில் அதைக் குரல் தழுதழுக்க வாசித்தும் காட்டினார்.

அவள் இறக்கும்போது ஹெல்விக் அம்மையார் பக்கத்தில் இல்லை. பூர்தெஹ்கானும் இல்லை. கியூமர்ஸும் இல்லை. ஆனால் அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரியும். அவனிடம்தான் சொன்னாள். அந்த ஒரு வாக்கியம்தான் அவனிடம் மிச்சம் இருந்தது. அதையும் இரண்டு பேர் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஆளுக்கொன்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பூர்தெஹ்கானிடம் போய் மாற்றச் சொன்னான்.

"கியூமர்ஸ் ஜான், பாவம், கடைசி நேரத்துல அவங்க என்னமோ சொல்லியிருப்பாங்க. அத அப்படியே போட முடியுமா? நான் அவங்களுக்குப் பெருமை சேர்த்திருக்கேன்," என்றார் நிர்வாகி, பெயரோடு ஜான் என்று அன்பு சேர்த்து. ஒரு டீ வரவழைத்தார். இரண்டு தடவை வற்புறுத்தினார்.

எளிதாக்கல் அலுவலகத்துக்கு எழுதினான். மேற்கோளைத் திருத்தக் கோரும் உரிமை அதைச் சொன்னவருக்கு மட்டுமே உண்டு என்று பதில் வந்தது. அவர் நேரில் அல்லது காணொளியில் வரலாம்.

கியூமர்ஸ் அதற்குமேல் எழுதவில்லை. அலுவலகத்தின் விதிநூலைத் தரவிறக்கினான். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படித்தான். அதை முழுக்கப் படித்த முதல் மனிதன் அவன்தான். எழுதியவர்கள் ஆளுக்கு ஒரு பகுதிதான் எழுதியிருந்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு நினைவூட்டல் வந்தது. வெள்ளைப் பெட்டி அலுவலகத்தின் சொத்து, பதினாலு நாளுக்குள் திருப்பி அனுப்பவும். காலிப் பெட்டிக்கு மட்டும் சுங்கத்தில் விலக்கு உண்டு, யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரம் வந்தால் ரஷ்த்தில் யாரும் அதை வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி அக்ரூட்டாவது போட்டுத்தான் தருவார்கள். இது மரியாதை. கியூமர்ஸ் ஃபூமன் ஊருக்கு ஷேர் டாக்ஸியில் போய், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த கொலூச்சே நாற்பது வாங்கினான். மேலே பூ அச்சு பதித்து, உள்ளே அக்ரூட்டும் இலவங்கப்பட்டையும் வைத்த வட்ட ரொட்டிகள். பெட்டியில் பஞ்சுக்கு நடுவே அடுக்கினான்.

கூடவே வைக்க ஒரு கடிதம். அதை பூர்தெஹ்கானிடம் கொண்டுபோனான். ரஷ்த் மருத்துவமனையின் சார்பில் எளிமையான அன்பளிப்பு, உங்கள் தகுதிக்கு இது போதாது, தயவுசெய்து ஏற்றுக்கொள்ளவும். நிர்வாகிக்கு வெளிநாட்டுக் கடிதத்தில் தன் பெயர் வருவது பிடித்திருந்தது. முதலில் நீங்களே போடுங்கள் என்றார். கியூமர்ஸ் நீங்கள் இருக்கும்போது நானா என்றான். மூன்றாவது தடவை அவர் பெரிதாகக் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார்.

அலுவலகம் தன் நூறாம் நாள் விழாவைக் கொண்டாடி, காணொளியில் காட்டியது. வெற்றிபெற்ற கோப்புகளின் விண்ணப்பதாரர்களைப் பார்வையாளர்களாக அழைத்திருந்தார்கள். மொத்தம் ஒருவர். கியூமர்ஸ் ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தான். வெள்ளைப் பெட்டி மேஜைமேல் இருந்தது. தட்டு சுற்றி வந்தது. ஹெல்விக் அம்மையார் ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். இன்னொன்றை எடுத்தார். பர்த்தோவ் கானுமுக்கும் நீட்டினார்கள். அவள் பெட்டியைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், வேண்டாம் என்றாள். இரண்டாவது தடவை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

மறுநாள் கியூமர்ஸ் பணிவாக ஒரு கடிதம் எழுதினான். கொலூச்சே பிடித்திருந்ததா, யார் யார் எத்தனை சாப்பிட்டார்கள் என்று தெரிந்தால் எங்கள் ஊருக்கு மகிழ்ச்சி. ஹெல்விக் அம்மையார் அன்றே பதில் போட்டார். அபாரம். பதினாறு ஊழியர்களும் சுவைத்தோம். நான் மூன்று சாப்பிட்டேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கீழே கையெழுத்து.

அந்தக் கடிதத்தின் நகலை கியூமர்ஸ் விதிநூலின் இருநூற்றொன்பதாம் பக்கத்தில் இருந்த கண்காணிப்புப் பிரிவின் முகவரிக்கு அனுப்பினான். உறையின் மேல் ஒரு வரி எழுதினான்: விதி 14, பிரிவு மூன்று. தடைக்குட்பட்ட பகுதியிலிருந்து பொருள், உணவு, அன்பளிப்பு எதைப் பெற்றாலும் பெறுபவர் தாமாகவே தடைப்பட்டியலில் சேர்வார்.

தாமாகவே என்று இருந்ததால் யாரும் எதுவும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. பதினாறு பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை பட்டியலில் சேர்ந்தார்கள். அலுவலகத்தின் கணினிகளில் அலுவலகத்தின் தளத்தைத் திறந்தால், இந்தச் சேவை உங்களுக்குக் கிடைக்காது என்று வந்தது.

ஹெல்விக் அம்மையாருக்கு ரத்த அழுத்தம் உண்டு. மருந்துக்கடையில் அவர் அட்டை வேலை செய்யவில்லை. மாத்திரைக்குத் தடை எதுவும் இல்லை அம்மா, பணம் வாங்கத்தான் எங்களுக்கு அனுமதி இல்லை என்று கடைக்காரர் மரியாதையாகச் சொன்னார். ரொக்கம் எடுக்க வங்கிக்குப் போனார். வங்கி விளக்கம் கேட்டுப் படிவம் கொடுத்தது. அது அவரே வடிவமைத்த படிவம். இருபத்தாறாம் பக்கத்தில், நோயாளி பிழைப்பதில் உங்களுக்குத் தனிப்பட்ட நலன் ஏதும் உண்டா என்று இருந்தது. நோயாளி அவர்தான். உண்டு என்று எழுதினார். நூற்றைம்பது வார்த்தை கேட்டார்கள்.

இந்தப் பக்கம் பூர்தெஹ்கானைத் தலைநகருக்குக் கூப்பிட்டார்கள். நாட்டின் எதிரிக்கு நாற்பது கொலூச்சே அனுப்பியதன் நோக்கம் என்ன, அதில் சங்கேதச் செய்தி ஏதும் உண்டா, பூ அச்சில் ஏன் எட்டு இதழ் என்று மூன்று நாள் கேட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது அறைக்குள் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பூர்தெஹ்கானுக்கு நடைபாதையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்காலியின் முதுகில் யாரோ ஓர் அட்டையை மாட்டியிருந்தார்கள். அழகான கையெழுத்து, அவருடையதேதான். 'ஓய்வில் உள்ளது.' யார் மாட்டியதென்று யாரும் விசாரிக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் கண்காணிப்புப் பிரிவு கியூமர்ஸைக் காணொளிக்கு அழைத்தது. மழை அப்படியே பெய்துகொண்டிருந்தது. இந்தத் தடவை நாலு கட்டம். மெல்லிய டை கட்டிய விசாரணை அதிகாரி. ஹெல்விக் அம்மையார், இளைத்திருந்தார், பின்னால் வெறும் சுவர். பர்த்தோவ் கானும். கியூமர்ஸ்.

ஹெல்விக் அம்மையாருக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். 

"மூணே மூணு ரொட்டி," என்றார். "அதுக்காக என் மாத்திரையை நிறுத்துறாங்க. விதின்னா எதிர்ல இருக்கறது மனுஷியா இல்லையான்னு பார்க்க வேண்டாமா? நான் ஒரு கோப்பா? எனக்கு உடம்பு சரியில்லைன்னு எத்தனை தடவை எழுதுறது? யாராவது ஒருத்தர் காகிதத்தை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல மாத்திரையக் குடுன்னு சொல்லக்கூடாதா?"

பர்த்தோவ் கானும் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம் சொன்னாள். கூட்டவில்லை. குறைக்கவில்லை.

அதிகாரி தொண்டையைச் செருமினார். நடைமுறையை விளக்கினார். புகார்தாரர் விட்டுக்கொடுத்தால் கொலூச்சேயை மனிதாபிமானப் பொருளாகக் கருதி இன்றே எல்லாரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அறிக்கையின் பதினாலாம் பக்கமும் அப்படியே இருக்கும். விட்டுக்கொடுக்காவிட்டால் ரஷ்த் கோப்பு முழுவதற்கும் விசாரணை நடக்கும், ஒரு வருடம் ஆகலாம், அதுவரை அவர்கள் பட்டியலில் இருப்பார்கள். அப்படி நடந்தால் இறந்தவரின் கடைசி வாக்கியம் முதல் சாட்சியமாகப் பதிவாகி, அறிக்கை திருத்தப்படும்.

"முழு விசாரணை வேணுமா?" என்று கேட்டார்.

பர்த்தோவ் கானும் மொழிபெயர்த்தாள். பிறகு, கேமராவைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில், பாரசீகத்தில் ஒரு வாக்கியம் கூட்டினாள்.

"ஒரு தடவைதான் கேப்பாங்க, முஹந்தெஸ்."

கியூமர்ஸின் வாய் தயாராக இருந்தது. வேண்டாங்க, அம்மாவுக்குப் பாவம் உடம்பு சரியில்லை, எதுக்கு உங்களுக்கெல்லாம் சிரமம். முழு வாக்கியமும் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஹெல்விக் அம்மையார் திரையில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். சவ்வு இழுப்பறைக்குள் போனபின் கறுப்புத் திரையில் அதைத்தான் பார்த்தான்.

"வேணும்," என்றான்.

பர்த்தோவ் கானும் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் சொன்னாள். இந்தத் தடவை அவள் தாமதிக்கவில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். இறந்தவர் உண்மையில் கடைசியாகச் சொன்னது என்ன, அப்படியே, எதையும் சேர்க்காமல் சொல்லவும் என்றார்.

கியூமர்ஸ் சொன்னான். இருமலை விட்டுவிட்டுச் சொன்னான்.

"இனிமே யாராவது ஒரு தடவை கேட்டாலே வேணும்னு சொல்லிடு, மக்கு முஹந்தெஸ்."